கீலிங் வளைகோடு பிறந்த கதை

ஐந்து லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குடுவை. உள்ளே இருந்த காற்றை எல்லாம் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, கழுத்தில் உள்ள திருகை இறுக்கி மூடியிருக்கும். அதைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய், காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு திருகைத் திறக்க வேண்டும். உஸ்ஸென்று காற்று உள்ளே பாயும். திருகை மறுபடி இறுக்கி மூடிய பிறகுதான் மூச்சு விடலாம். மனிதன் விடும் மூச்சில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கும். கொஞ்சம் கலந்தாலும் அந்தக் குடுவை வீண்.

1955ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரைக் காட்டில் கூடாரம் போட்டு, இரவும் பகலுமாக இப்படிக் குடுவைகளை நிரப்பிக்கொண்டிருந்தார் 27 வயது சார்லஸ் டேவிட் கீலிங். மனைவி லூயிஸும் கைக்குழந்தையும் உடன் வந்திருந்தார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கையை விட்டு எழுந்து ஒரு குடுவையைத் திறந்து மூடிவிட்டு வந்து படுப்பார். புவி வெப்பமாதலைப் பற்றிய உலகின் மிக முக்கியமான வரைபடம் இப்படித்தான் தொடங்கியது. பூமி சூடாவதைப் பற்றி அந்த நாளில் அவருக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை.

கீலிங் படித்தது வேதியியல், அதிலும் பாலிமர். 1950களில் அந்தப் படிப்புக்கு அமெரிக்காவில் பெட்ரோலிய, பிளாஸ்டிக் கம்பெனி வேலைகள் காத்துக் கிடந்தன. கூடப் படித்தவர்கள் அங்கே போனார்கள். இவருக்கோ மலை ஏறுவதிலும் பனியாறுகளைப் பற்றிப் படிப்பதிலும் மோகம். மேற்குக் கரைப் பக்கம் போய்விட வேண்டும் என்பதற்காகவே கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் புவிவேதியியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். ஹாரிசன் பிரவுன் என்ற பேராசிரியர் ஒரு கேள்வியைப் போட்டார்: ஆற்று நீரிலும் நிலத்தடி நீரிலும் கரைந்திருக்கும் கார்பனேட், ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறையோடும் மறுபக்கம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சமநிலையில் இருக்கிறதா?

இதற்குக் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று தெரிய வேண்டும். பாடப்புத்தகத்தைப் பிரித்தால் பத்து லட்சத்தில் 300 பங்கு என்று போட்டிருக்கும். எடுத்துப் போட்டுக்கொண்டு மேலே போயிருக்கலாம். கீலிங் போகவில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் அப்போது பல இடங்களில் இதை அளந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எண்களோ இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் தாறுமாறாக ஏறி இறங்கின. கரியமில வாயு அப்படித்தான், காற்று வரும் திக்கைப் பொறுத்து மாறும் என்று பலரும் நம்பினார்கள். காற்று மாறுகிறதா, அளக்கிற கை நடுங்குகிறதா என்று யாரும் குடைந்து பார்க்கவில்லை.

கீலிங் தானே ஒரு மானோமீட்டரைக் கட்டினார். 1916இல் வெளியான ஒரு கட்டுரையில் இருந்த வடிவமைப்பை எடுத்துத் திருத்திக்கொண்டார். குடுவைக் காற்றைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்தால் கரியமில வாயு உறைந்து நின்றுவிடும். மற்ற வாயுக்களை வெளியேற்றிவிட்டு, உறைந்ததை மறுபடி ஆவியாக்கி, அது பாதரசத்தை எவ்வளவு தூக்குகிறது என்று அளப்பார். பொறுமை இல்லாதவர் செய்கிற வேலை இல்லை. இந்த ஆராய்ச்சிக்கு இவ்வளவு துல்லியம் தேவையில்லை என்பது அவருக்கே தெரியும். கருவி கட்டுவது பிடித்திருந்தது, காட்டில் கூடாரம் அடிப்பது பிடித்திருந்தது, அதனால் செய்தேன் என்ற பொருளில் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அறிவியலின் பெரிய செய்திகள் சிலவற்றுக்கு இதைவிட உயர்ந்த காரணம் கிடையாது என்று நினைக்கிறேன்.

முதலில் கால்டெக் இருக்கும் பாசடீனா ஊருக்குள் அளந்தார். வண்டிப் புகையும் ஆலைப் புகையும் சேர்ந்து எண்கள் ஆட்டம் போட்டன. அதனால்தான் பிக் சர். அங்கே பார்த்தால் இரவில் அளவு ஏறியது, பகலில் இறங்கியது. இரவில் மரம் செடிகளும் மண்ணும் வெளியிடும் கரியமில வாயு தரையோடு தேங்கி நிற்கும். வெயில் ஏறியதும் தரைக்காற்று சூடாகி மேலெழுந்து, உயரத்தில் இருக்கும் காற்றோடு கலந்துவிடும். இரவில் கூடியது செடியிலும் மண்ணிலும் இருந்து வந்ததுதான் என்பதைக் கார்பன் அணுக்களின் எடையை வைத்து, அதாவது ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு, உறுதி செய்தார்.

வியப்பு அதில் இல்லை. பிற்பகல் எண்களில் இருந்தது. எந்த நாளானாலும் பிற்பகலில் ஏறத்தாழ 310. வாஷிங்டன் மாநிலத்தின் மழைக்காட்டுக்குப் போனார், அரிசோனாவின் மலைக்காட்டுக்குப் போனார். பிற்பகலில் அதே 310 சொச்சம். அப்படியானால் கரியமில வாயு தாறுமாறாக அலையும் பொருள் இல்லை. தரையின் சலசலப்பை விட்டு மேலே போனால், வடகோளம் முழுக்க ஒரே எண்தான் இருக்கிறது. அந்த ஓர் எண்ணைத் தொடர்ந்து அளக்க முடியும்.

இந்தச் செய்தி போய்ச் சேர்ந்த இரண்டு காதுகள் முக்கியமானவை. ஒருவர் அமெரிக்க வானிலைத் துறையின் ஹாரி வெக்ஸ்லர். மற்றவர் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் ரோஜர் ரெவெல். ஏன் இவர்களுக்கு அக்கறை என்று புரிய, நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு இருந்த உருளைதான் அதிகம் சூடாகிறது என்று கண்டார். மூன்று ஆண்டு கழித்து ஜான் டின்டல், வெப்பக் கதிர்களை இந்த வாயு விழுங்குவதை ஆய்வகத்தில் அளந்து காட்டினார். 1896இல் ஸ்வீடனின் அர்ரீனியஸ் காகிதத்தில் கணக்குப் போட்டு, கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்றார். இன்றைய கணக்கில் அது கொஞ்சம் கூடுதல். ஆனால் கணினி இல்லாமல் போட்ட கணக்கு. 1938இல் இங்கிலாந்தின் கை காலண்டர் என்ற நீராவிப் பொறியாளர் ஒருபடி மேலே போய், நிலக்கரி எரிப்பதால் காற்றில் கரியமில வாயு கூடியிருக்கிறது, பூமியும் சூடாகியிருக்கிறது என்று ராயல் வானிலைச் சங்கத்தின் முன் வாதாடினார். வல்லுநர்கள் தலையாட்டவில்லை. அவர் ஆதாரமாகக் காட்டியது 19ஆம் நூற்றாண்டின் பழைய அளவீடுகளை. அவற்றில் எதை நம்புவது, எதை விடுவது? தவிர, மனிதன் விடும் புகையைக் கடல் குடித்துவிடும் என்பது அன்றைய பொதுக் கருத்து. கடல் அவ்வளவு வேகமாகக் குடிக்காது என்று ரெவெலும் ஹான்ஸ் சூஸும் 1957இல்தான் எழுதினார்கள்.

ஆக, நூறு ஆண்டாகக் கொள்கை இருந்தது, வாதம் இருந்தது. நம்பிக் கை வைக்க ஓர் அளவு மட்டும் இல்லை.

பல நாடுகள் சேர்ந்து பூமியை ஆராய, 1957 ஜூலையில் தொடங்கும் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்காகப் பணம் புரண்டுகொண்டிருந்த நேரம் அது. வெக்ஸ்லர் கீலிங்கை வாஷிங்டனுக்கு அழைத்தார். வேலை தருவதாகச் சொல்லி, மங்கலான ஒரு நிலவறையைக் காட்டினார்கள். ஸ்கிரிப்ஸிலோ பசிபிக் கடற்காற்றும் வெயிலும். எங்கே சேர்ந்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. பணத்தில் ஒரு பங்கு வெக்ஸ்லரிடமிருந்து வந்தது, இடம் ரெவெல் கொடுத்தார். ரெவெலுக்கு இதில் வேறு யோசனை இருந்தது. கப்பலிலும் விமானத்திலும் உலகெங்கும் ஒருமுறை அளந்து வைப்போம், இருபது ஆண்டு கழித்து மறுபடி அளந்து ஒப்பிடுவோம் என்பது அவர் திட்டம். கீலிங் பிடித்த பிடியை விடவில்லை: ஓரிடத்தில், நிற்காமல், நாள்தோறும் அளக்க வேண்டும். அதற்குக் குடுவை போதாது, அகச்சிவப்புக் கதிரால் வாயுவை அளக்கும் இயந்திரம் வேண்டும். அது விலை உயர்ந்தது. ஆனாலும் வாங்கினார்கள்.

இடம், ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலை. அதன் வடசரிவில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், வானிலைத் துறையின் புதிய ஆய்வகம் இருந்தது. சுற்றிலும் கருத்து உறைந்த எரிமலைக் குழம்பு. புல் பூண்டு கிடையாது. நடுப் பசிபிக்கில், எந்த ஊர்ப் புகையும் எட்டாத தூரம். எரிமலையே கரியமில வாயு விடுமே என்று கேட்கத் தோன்றும். விடும். சில இரவுகளில் உச்சியிலிருந்து இறங்கும் காற்றில் அது கலந்து வரும்போது, பதிவுத் தாளில் பேனா முள் நடுங்குவதிலேயே தெரிந்துவிடும். அந்த நேரத்து எண்களைத் தள்ளிவிடுவார்கள். பகலில் கீழே காடுகளைத் தடவி ஏறிவரும் காற்றிலும் அப்படியே கழிவு உண்டு. எண் நிதானமாக நிற்கும் மணி நேரங்கள் மட்டுமே கணக்கில் சேரும். அதோடு, அளவு தெரிந்த ஒரு வாயுவை இயந்திரத்துக்குள் அடிக்கடி விட்டுச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கீலிங்கின் உண்மையான திறமை இந்தச் சரிபார்ப்பில்தான் இருந்தது. அந்தச் சிலிண்டர்களுக்கு அளவு குறித்துக் கொடுத்தது அவருடைய பாதரச மானோமீட்டர்தான்.

1958 மார்ச் மாதக் கடைசியில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. முதல் எண் 313. கீலிங் எதிர்பார்த்ததும் அதுவே. அவர் அப்போது அங்கே இல்லை. கருவியைப் பொருத்தியவர்கள் சக ஊழியர்கள். ஏப்ரலில் எண் கொஞ்சம் ஏறியது, மே மாதம் இன்னும் ஏறியது. பிறகு மின்சாரம் போய் இயந்திரம் நின்றது. ஜூலையில் மறுபடி ஓடவிட்டால் எண் இறங்கியிருக்கிறது! மேலும் மேலும் இறங்குகிறது. ஒரே எண் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், இதுவும் தாறுமாறுதானோ என்று கலங்கிப்போனார். மறுபடி மின்தடை. நவம்பரில்தான் முதன்முறையாக மலைக்கே நேரில் போனார்.

அடுத்த ஆண்டும் அதே ஏற்றம் இறக்கம் அதே மாதங்களில் வந்தபோது குழப்பம் தீர்ந்தது. பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதி வடகோளத்தில் இருக்கிறது. அங்கே கோடைக்காலத்தில் காடும் வயலும் தழைத்துக் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுக்கின்றன. இலை உதிர்ந்து மக்கும் காலத்தில் அதைத் திருப்பி விடுகின்றன. மே மாதம் உச்சம், செப்டம்பர் அக்டோபரில் பள்ளம். பாதி உலகத்துப் பச்சை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை மூச்சு வாங்கி விடுவதை முதன்முதலாகப் பார்த்தவர் கீலிங்தான். புவி வெப்பமாதல் என்ற பேச்சே எழாமல் போயிருந்தாலும் இந்த ஒன்றுக்காக அவர் பெயர் நின்றிருக்கும்.

அந்த ரம்பப்பல் கோட்டுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் உச்சம் போன ஆண்டு உச்சத்தைவிடச் சற்று உயரத்தில். பள்ளமும் அப்படியே. 1960இல் வெளியிட்ட கட்டுரையில் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது என்று அவர் சொன்னது, மௌனா லோவாவை வைத்துக்கூட இல்லை, தென்துருவத்தில் எடுத்த மாதிரிகளை வைத்து. அங்கே பச்சை இல்லாததால் பருவ ஆட்டம் குறைவு, ஏற்றம் பளிச்சென்று தெரிந்தது. மௌனா லோவாவும் விரைவில் அதையே சொன்னது.

ஏறுவது எரிபொருளால்தான் என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி இன்றும் வருகிறது, வரவும் வேண்டும். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்க கார்பன் துளியும் மிஞ்சியிருக்காது. அந்தப் புகை கலக்கக் கலக்கக் காற்றில் கார்பன்-14 விகிதம் நீர்த்துப்போகும். ஹான்ஸ் சூஸ் 1955இலேயே மர வளையங்களில் இதைக் காட்டியிருந்தார். பிறகு கீலிங்கின் மகன் ரால்ஃப் காற்றிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் துல்லியமான முறையைக் கண்டுபிடித்தார். எரிந்தால் ஆக்சிஜன் செலவாக வேண்டும் அல்லவா? செலவாகிக்கொண்டிருக்கிறது. மூச்சுத் திணறும் அளவுக்கெல்லாம் இல்லை, ஆனால் கணக்கு பொருந்துகிற அளவுக்கு. எரிமலை விட்ட வாயு என்றால் ஆக்சிஜன் இப்படிக் குறையாது.

இப்படிப் பிறந்த கோடு பலமுறை சாகப் பார்த்தது. கொல்லப் பார்த்தவர்கள் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கெழுதும் மேசைகள்தான். 1964இல் அமெரிக்க அரசின் நிதிவெட்டில் மௌனா லோவாவில் ஆள் குறைந்தது. பழுதைப் பார்க்க நாதியில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்த ஆண்டு மாத எண்களே கிடையாது. பதிவில் அந்த ஓட்டை இன்றும் இருக்கிறது. மறு ஆண்டே, 1965 நவம்பரில், குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு அறிவியல் ஆலோசகர்கள் கொடுத்த அறிக்கையில் கரியமில வாயு பற்றிய பகுதிக்கு ஆதாரமாக நின்றது இதே பதிவு. எழுதியவர்களில் ரெவெலும் கீலிங்கும் உண்டு.

அதற்குப் பிறகும் தொல்லை ஓயவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே அளப்பது ஆராய்ச்சியா, அன்றாட வேலையா என்று பணம் தரும் அதிகாரிகள் கேட்டார்கள். அன்றாட வேலைக்கு ஆராய்ச்சிப் பணம் எதற்கு? ஒரு கட்டத்தில், ஆண்டுக்கு இரண்டு கண்டுபிடிப்புகளுக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று தன் தந்தைக்கு உத்தரவானதை ரால்ஃப் 2008இல் எழுதிய கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். 1974 முதல் நோவா என்ற அமெரிக்கக் கடல், வானிலை நிறுவனமும் அதே மலையில் தனியாக அளக்கத் தொடங்கியது. இனி நீங்கள் எதற்கு என்று கீலிங்கைக் கேட்டார்கள். இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒரே எண் வந்தால்தான் நம்பிக்கை என்பது அவர் பதில். கடைசிவரை விடவில்லை. 2002இல் அவருக்குத் தேசிய அறிவியல் பதக்கம் வழங்கிய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தப் புகையைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தத்தைக் கைகழுவியிருந்தார். 2005 ஜூனில் கீலிங் காலமானார்.

ஸ்கிரிப்ஸோடு தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதன், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களும் பூமியைச் சூடாக்கும் என்று 1975இல் கண்டவர். அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பல ஆயிரம் மூலக்கூறுகளுக்குச் சமம். பின்னாளில் அவர் ஸ்கிரிப்ஸில் பேராசிரியரானார். கரியமில வாயு தனியாள் இல்லை, கூட்டாளிகள் உண்டு என்பது அவர் சேர்த்த அத்தியாயம்.

விளைவுகளையும் இந்தக் கோட்டிலேயே படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 1996இல் கீலிங்கும் சகாக்களும் ரம்பப்பல் பெரிதாகியிருப்பதைக் கண்டார்கள். 1960களோடு ஒப்பிட்டால் மௌனா லோவாவில் பருவ ஏற்ற இறக்கம் 20 சதவீதம் கூடியிருந்தது. அலாஸ்காவின் வடகோடியில் 40 சதவீதம். வசந்தகால இறக்கமும் ஒரு வாரம் முந்திக்கொண்டு வந்தது. வடக்கே குளிர் முன்னதாக விலகுகிறது, செடி முன்னதாகத் துளிர்க்கிறது என்று பொருள். நாம் விடுவதில் ஏறத்தாழப் பாதியைத்தான் காற்று வைத்துக்கொள்கிறது. மீதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்கின்றன. சும்மா வாங்கவில்லை. கடல்நீரின் காரத்தன்மை குறைந்துகொண்டு வருகிறது, சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவது சிரமமாகிறது. நீர் சூடாவது தனிக்கதை. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளப்பாறைகள் வெளுத்தது அதனால்தான். 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடான முதல் நாட்காட்டி ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

2020இல் கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் அடைந்து, விமானங்கள் தரையில் நின்று, அந்த ஆண்டு புகை ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தது. கோட்டில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மாதாமாதம் கைமாற்று வாங்குகிறவன் ஒரு மாதம் நூறு ரூபாய் குறைத்து வாங்கினால் கடன் இறங்கிவிடுமா? 1960களில் ஆண்டுக்கு ஒன்றுக்கும் குறைவாக ஏறிக்கொண்டிருந்த எண், இப்போது இரண்டரை அளவில் ஏறுகிறது.

2022 நவம்பர் 27 இரவு மௌனா லோவா வெடித்தது. எரிமலைக் குழம்பு ஆய்வகத்துக்குப் போகும் சாலையையும் மின்கம்பங்களையும் விழுங்கியது. அளவீட்டைப் பக்கத்து மலையான மௌனா கியாவுக்கு மாற்றி, ஓட்டை பெரிதாகாமல் பார்த்துக்கொண்டார்கள். 2023 மார்ச்சில் சூரிய மின்சாரத்தில் பழைய இடத்தில் மறுபடி தொடங்கினார்கள். எரிமலையைச் சமாளித்துவிட்டார்கள். ஆனால் 2025இல் வந்த அமெரிக்க பட்ஜெட் முன்மொழிவு, நோவாவின் ஆராய்ச்சிப் பிரிவையே இழுத்து மூடச் சொன்னது. மௌனா லோவா ஆய்வகமும் அந்தப் பிரிவில் அடக்கம்.

பனிப்பாளங்களுக்குள் சிக்கிய பழைய காற்றை அளந்ததில், தொழிற்புரட்சிக்கு முன் இந்த எண் 280 சொச்சம் என்று தெரிந்திருக்கிறது. கீலிங் தொடங்கியபோது 313. நீங்கள் 1970இல் பிறந்தவரானால் அந்த ஆண்டு சராசரி 326. 1980 என்றால் 339, 1990 என்றால் 354, 2000 என்றால் 370, 2010இல் பிறந்த பிள்ளைக்கு 390. 2025 மே மாதம் மௌனா லோவாவின் மாதச் சராசரி 430ஐத் தாண்டியது. இந்த எண்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பிள்ளை பிறந்த மாதத்தின் எண்ணையும் போன மாதத்தின் எண்ணையும் எடுத்து வைத்து ஒருமுறை கழித்துப் பாருங்கள்.